ஸ்டே, ஆங்கர் லோடுகளைக் குறைத்துக் காட்டும் மென்பொருள்: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மின்கம்ப வடிவமைப்பு மென்பொருள் பிரிவு.

பொருள்: ஸ்டே (கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) இழுவிசை, ஆங்கர் (ஸ்டேயை மண்ணில் பிடித்துவைக்கும் புதைப்பு) லோடு கணக்கீட்டில் உள்ள பிழைகள்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் மென்பொருள் பச்சை நிறத்தில் 'சரி' என்று காட்டும் ஆங்கர், கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால் தாங்கவில்லை. இதைத் தெரிவித்தபோது, "முடிவுகளைப் பயனர்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்" என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. சரிபார்த்ததன் விவரம் இதோ. கோப்பையும் இணைத்துள்ளோம்.

நாங்கள் சரிபார்த்தது லைன் முடியும் கடைசிக் கம்பம். கண்டக்டர்கள் (மின்கம்பிகள்) மூன்றும் சேர்ந்து 10 மீட்டர் உயரத்தில் 15 கிலோநியூட்டன் இழுக்கின்றன. ஸ்டே கட்டியிருப்பது 9 மீட்டரில்; ஆங்கர் இருப்பது கம்பத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி. அறிக்கையில் ஸ்டே இழுவிசை 27.04 கிலோநியூட்டன். ஸ்டேயின் நீளம் 10.817 மீட்டர், 15 × 10.817 ÷ 6 போட்டால் அதே 27.04 வருகிறது. அதாவது, கண்டக்டரும் ஸ்டேயும் ஒரே உயரத்தில் இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஸ்டே 1 மீட்டர் கீழே இருக்கிறதே! கம்பத்தின் அடியில் திருப்புத்திறனைச் சமன்செய்தால் ஸ்டே தாங்க வேண்டிய கிடைவிசை 15 × 10 ÷ 9 = 16.67. அதற்கான இழுவிசை 30.05 கிலோநியூட்டன், 11 சதவீதம் கூடுதல். கம்பத்தின் விறைப்பு தாங்கும் பங்கைக் கழித்திருக்கலாமோ என்று பார்க்கக் கம்பத்தின் வகையை மாற்றினோம், எண் அசையவில்லை. இதே பிழை கம்பத்தைக் கீழே அழுத்தும் விசையிலும் தொடர்கிறது: அறிக்கையில் 22.5, உண்மையில் 25.0.

இதைவிட ஆபத்தானது ஆங்கர் கணக்கு. அதே ஆங்கரில், 6.5 மீட்டரில் உள்ள தொலைத்தொடர்பு கேபிளின் ஸ்டேயும் இணைகிறது. கேபிளின் கிடை இழுப்பு 8.1, ஸ்டே இழுவிசை 11.9 கிலோநியூட்டன். ஒவ்வொரு ஸ்டேயையும் ஆங்கரோடு தனித்தனியே ஒப்பிட்டு, அதிகமானதை மட்டும் அறிக்கை காட்டுகிறது. கொடுத்த மண் வகைக்கு ஆங்கரின் பிடிப்பு 40 கிலோநியூட்டன் என்பதால் 68 சதவீதம், பச்சை. ஆனால் ஸ்டேக்களை ஆங்கரோடு இணைக்கும் ராடு (இரும்புத் தண்டு) இரண்டையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். கிடைவிசை 24.8, நிலைக்குத்து விசை 33.8, கூட்டுவிசை 41.9 கிலோநியூட்டன். 105 சதவீதம்! பாதுகாப்புக் காரணி சேர்க்காத எண்கள் இவை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

ராடின் சாய்வும் தவறு. கூட்டுவிசை கிடையிலிருந்து சுமார் 54 பாகையில் இழுக்கிறது. அறிக்கை மேல் ஸ்டேயின் 56 பாகையை மட்டுமே அச்சிடுகிறது. இரண்டு பாகைதான், ஆனாலும் கீழ் ஸ்டேயின் இழுப்பு கூடக்கூட வித்தியாசம் வளரும். இழுப்பின் நேர்கோட்டில் பதியாத ராடு, ஸ்டே மாட்டும் வளையத்தருகே வளையும், மண்ணை அறுத்துக்கொண்டு நேராக முயலும், ஸ்டே தளர்ந்துவிடும்.

சரிவான தரையிலும் கோளாறு உண்டு. ஆங்கர் மட்டத்துக்கு மைனஸ் 1 மீட்டர் என்று கொடுத்தாலும் முடிவு மாறுவதில்லை. நிலைக்குத்து உயரம் 10 மீட்டர் ஆகும்போது இழுவிசை 32.4 கிலோநியூட்டனுக்கு ஏற வேண்டும்.

பயனரே சரிபார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறோம். அதற்கு இடைக்கணக்கு வேண்டுமே? உங்கள் அறிக்கையில் இருப்பது ஒரே ஒரு சதவீதம். அது பாதுகாப்புக் காரணிக்கு முந்தையதா பிந்தையதா, ஸ்டே வயர், கிரிப், இன்சுலேட்டர், ஐ போல்ட், ராடு, மண் பிடிப்பு இவற்றில் எதனுடைய எல்லை என்று எதுவும் இல்லை. மண் வகையை நிரப்பாமல் விட்டால் நடுத்தர மண் என்று தானே எடுத்துக்கொள்கிறது, எச்சரிக்கைகூட இல்லை.

எனவே இந்தப் பிழைகள் அனைத்தையும் திருத்திய பதிப்பை வெளியிடுங்கள். கிடைவிசை, இழுவிசை, காரணி, ஒவ்வொரு பாகத்தின் தாங்குதிறன் ஆகியவற்றை அறிக்கையில் தனித்தனி வரியாக அச்சிடுங்கள். மண் வகை தராவிட்டால் கணக்கு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, எந்தெந்தப் பதிப்புகளில் இந்தப் பிழை இருக்கிறது என்று உரிமம் பெற்ற அனைவருக்கும் எழுத்துமூலம் அறிவியுங்கள். இதே பச்சையை நம்பி நட்ட கம்பங்கள் வேறு இடங்களிலும் இருக்கும். அவற்றின் மேல் ஏறி வேலை செய்யப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மின்பாதை வடிவமைப்புக் குழு

இணைப்பு: மாதிரிக் கோப்பு, மென்பொருள் அறிக்கை, கைக்கணக்குத் தாள்.