மணியனின் கண்ணைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்பான உறவுகளே,

மணியனின் படம் முடிந்துவிட்டது, இரண்டாம் தடவையாக. நேற்றுப் பின்னேரம் தூரிகைகளைக் கழுவி வைத்தபோதே இந்த மடலை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதற்படத்தை 2016இல் வரைந்தேன். கண்டாவளையில் எங்கள் வீட்டு விறாந்தை, அடுக்கிய நெல்மூட்டை, அதற்கு மேல் எங்கள் மஞ்சள் கடுவன் பூனை மணியன். பார்த்தவர்கள் வடிவு என்றார்கள், நானும் நம்பினேன். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியபோது மணியனை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்து பார்க்க, கித்தானின் கீழ்ப்பாதி சேறு, மூலையெல்லாம் பூஞ்சணம். பழைய சேலையில் சுற்றி வைத்தேன். 2022இல் மணியன் செத்த பிறகு அதை அவிழ்க்கவே மனம் வரவில்லை.

அவிழ்க்க வைத்தவர் பக்கத்து வளவு மாமி. முற்றத்துக்கு எடுத்துவரச் சொல்லிக் கனநேரம் பார்த்தார்.

"பிள்ளை, எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. ஆனா இது மத்தியான வெயில் எல்லோ? அந்த நேரம் அவன்ரை கண் நிமித்தி வச்ச நெல்லுமணி மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். நீ ராத்திரிக் கண்ணைக் கீறி வச்சிருக்கிறாய்."

மாமி, அத்தனை வருடமும் என் கண்ணில் படாத பிழை அது. முகத்தை இருட்டு அறையில் எடுத்த போட்டோவைப் பார்த்துக் கீறினேன், வெளிச்சத்தை விறாந்தையைப் பார்த்துக் கீறினேன். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. அன்றுதான் படத்தைத் திருத்துவதென்று முடிவெடுத்தேன்.

மருதனார்மடத்தில் என்னோடு நுண்கலை படித்த தோழிக்கு அன்றிரவே போன் எடுத்தேன். சேறு கழற்றப் பஞ்சைத் துப்பலில் தொட்டு உருட்டச் சொன்னாள். பழைய ஓவியங்களைத் துப்புரவாக்குபவர்களும் அப்படித்தான் செய்வார்களாம், துப்பலில் உள்ள நொதியம் அழுக்கை இளக்கும். கண்ணைப் பற்றி அவள் சொன்னது இன்னும் பெறுமதியானது. எண்ணெய் வர்ணம் வருடங்கள் போகப் போக ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். மேலே பூசி மறைத்தால் ஒருநாள் பழைய கண் கீழிருந்து தெரியத் தொடங்கும், ஆகவே சுரண்டு என்றாள். சுரண்டினேன். வலக்கண்ணில் கித்தானின் நூல் தெரிந்தபோது கை நடுங்கிவிட்டது. போனில் அவள் கூடவே இருந்தாள்.

வளைந்துபோன பழைய சட்டத்துக்குப் பதிலாக ஆசாரி அண்ணை தேக்கில் புதிதாக அடித்துத் தந்தார். மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்பு, கித்தான் தொய்ந்தால் தட்டி இறுக்கலாம். காசு வாங்க மறுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஆளிவிதை எண்ணெயும் வெள்ளை வர்ணமும் வாங்கிவந்து ஒழுங்கை முனையில் இறக்கித் தந்த பஸ் நடத்துநர் தம்பிக்கும் நன்றி.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016இல் மணியனின் இரண்டு காதும் முழுசு. இடக்காது கிழிந்தது பிறகுதான், வேறொரு கடுவனோடு சண்டை பிடித்து. அந்தப் பிள்ளைகள் அறிந்ததெல்லாம் கிழிந்த காதோடு திரிந்த மணியனைத்தான். "கிழிஞ்ச காதோட கீறுங்கோ ரீச்சர், இல்லாட்டி அது வேற பூனை" என்றார்கள். இரண்டு நாள் யோசித்தேன். அந்த மூட்டைகள் அடுக்கியிருந்த நாளில் அந்தக் கிழிசல் இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் சொன்னதே சரியென்று பட்டது. கிழிசலின் விளிம்பில் வெயில் பட்டு இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, முழுப்படத்திலும் எனக்குப் பிடித்த இடம் இப்போது அதுதான்.

எண்ணெய் வர்ணம் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும். மாரி ஈரத்தில் இன்னும் சுணங்கும். வார்னிஷ் பூச வைகாசி ஆகிவிடும். அதுவரை படம் விறாந்தையில், மாமி வந்து இருக்கும் கதிரைக்கு நேரெதிரே சாத்தியிருக்கும். தொடாமல் பாருங்கள். மத்தியானத்தில் வாருங்கள்.

நன்றியுடன்,
மணியனின் வீட்டுக்காரி