மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி சொல்லுங்கள்: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் உங்கள் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர்களில் நானும் ஒருத்தி. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி இங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆறு ஆசனங்களில் மூன்றை உங்களுக்குக் கொடுத்தோம். 2018இலிருந்து தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இல்லாமல் கிடக்கும் வடக்குக்குத் தேர்தல் வேண்டும் என்று அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் காலைப் பத்திரிகைகள் வந்ததும் வாங்குகள் நிறைந்துவிடும். நீங்கள் பதவியேற்ற நாளிலிருந்து அங்கே உங்கள் அரசாங்கத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஒருவர் வரியைப் பற்றித் தொடங்குவார், இன்னொருவர் சீனாவுக்குப் போய்விடுவார். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. உள்நாட்டுக் கொள்கை, வெளிநாட்டுக் கொள்கை என்று கொழும்பில் பிரித்து வைத்திருப்பவை வடக்கில் ஒரே வளவுக்குள்தான் கிடக்கின்றன.

கடலையே பாருங்கள். இந்தியாவோடு உள்ள உறவு என்பது இங்கே இரவில் வலை விடலாமா, விடக் கூடாதா என்ற கேள்வி. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வரும் நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் கடலுக்கு இறங்குவதில்லை. வலை அறுந்தால் கடன்தான். இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் 2017இலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் அந்தத் தொழிலை விடாதவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி நீங்கள் கச்சதீவில் இறங்கியபோது பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. கச்சதீவு யாருடையது என்பது 1974இலேயே முடிந்த விடயம். எங்கள் சம்மாட்டிமாருக்கு வேண்டியது, பாக்கு நீரிணையின் இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசும் ஒரு மேசை. அந்த மேசையில் வடக்கின் பெயரால் உட்கார, வடக்கு மக்கள் தெரிவுசெய்த ஆள் யார்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் வந்து நிற்கிறது.

நீங்கள் ஜனாதிபதியானதும் முதலில் போனது புதுடில்லிக்கு, 2024 டிசம்பரில். அடுத்த மாதமே பீஜிங்குக்கும் போனீர்கள். 1987இல் இலங்கை - இந்திய ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்த ஜே.வி.பி.யிலிருந்து வந்த ஒருவர் டில்லிக்கு முதலில் போனதை நான் மனமார வரவேற்றேன். காலத்தோடு மாறத் தெரிந்த தலைமை என்று வாசிகசாலையில் வாதாடியும் இருக்கிறேன். ஆனால் 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி வந்தபோது, பாதுகாப்பு, மின்சார இணைப்பு, திருகோணமலை எரிசக்தி என்று கையெழுத்தான ஒப்பந்தங்களின் முழு வாசகத்தை முன்கூட்டியே எங்களுக்குக் காட்டவில்லை. திருகோணமலையில் என்ன வரப்போகிறது என்பதைத் திருகோணமலை மக்கள் கையெழுத்துக்குப் பிறகு அறிந்துகொள்ளலாமா? மன்னாரிலும் இதுவே நடந்தது. காற்றாலைக் கோபுரங்கள் ஏற்றும் இடத்தில் சனம் வீதியில் உட்கார்ந்த பிறகுதான் வேலையை ஒரு மாதம் நிறுத்திப் பேசினீர்கள்.

காணி விடயத்தில் இது இன்னும் வலிக்கிறது. 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகிவிடும் என்று அதில் இருந்தது. மூன்று மாதம்! காணிக்காரரில் ஒரு பகுதியினர் லண்டனில், ரொறன்ரோவில். இன்னொரு பகுதியினர் தமிழ்நாட்டு முகாம்களில். உறுதிகள் இடம்பெயர்வில் தொலைந்தன, சில வீட்டோடு எரிந்தன. எழுதிக் கொடுத்த தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைக்கு எல்லைக்கல் எங்கே என்று தெரியாது. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பி ஓடிய சனத்துக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் உயர் நீதிமன்றம் வரை போனது, அப்புறம்தான் அறிவித்தலை மீளப் பெற்றீர்கள். மீளப் பெற்றதற்கு நன்றி. ஆனால் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் காணியை மாகாணத்தின் விடயங்களில் ஒன்றாகச் சொல்கிறது. இயங்கும் மாகாண சபை ஒன்று இருந்திருந்தால், அந்த வர்த்தமானி அச்சுக்குப் போவதற்கு முன்பே யாராவது ஒருவர் எழும்பி ‘இது சரிவராது’ என்று சொல்லியிருப்பார்.

நல்லதையும் பார்க்கிறேன். இராணுவம் மூடி வைத்திருந்த பலாலி வீதி 34 வருடங்களுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் திறந்தது. முதலில் காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான், நடந்து போகவும் கூடாது. இருந்தும் அந்த வீதியால் பஸ்ஸில் போய் வந்த கிழவிகள் அழுததை நான் கண்டேன். யாழ். நூலகத்துக்கும் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கினீர்கள். இவற்றைச் செய்யத் தெரிந்த உங்களுக்கு மற்றதைச் செய்ய என்ன தடை?

வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் முதலும் கடைசியுமாக ஒரு தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்தான். இப்போதைய ஆளுநர் எங்கள் மண்ணை அறிந்த நிர்வாகி, அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், எங்களுக்கு அல்ல. இது வடக்கின் குறை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம், நாட்டின் ஒன்பது மாகாணங்களிலும் இதே நிலைதான். 2017இல் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையாக மாற்றினார்கள். புதிய தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை என்று அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். பழைய விகிதாசார முறையிலேயே நடத்தலாம் என்று ஒரு சின்னத் திருத்தம் போதும். 225 ஆசனங்களில் 159ஐ வைத்திருக்கும் உங்களுக்கு அது ஒரு நாள் வேலை.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் உங்கள் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத், போர்க்கால மீறல்களை விசாரிக்க வெளியார் பொறிமுறை வேண்டாம், உள்நாட்டிலேயே தீர்ப்போம் என்கிறார். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. 1971இலும் 1989இலும் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தெற்குத் தாய்மாரை உங்கள் கட்சிக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் தாய்மாரும் உங்களை ஒரு தடவை நம்பிப் பார்த்தார்கள். உள்நாட்டில் தீர்ப்போம் என்ற சொல்லை அவர்கள் ஏற்க வேண்டுமானால், உள்நாட்டில் அவர்களுடைய வாக்குக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும்.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் உங்கள் வாக்கு குறைந்தது உங்களுக்குத் தெரியும். மாகாண சபைத் தேர்தலில் நீங்கள் வடக்கில் தோற்கவும் கூடும். அப்படியிருந்தும் நடத்துங்கள். அடுத்த பாராளுமன்ற அமர்விலேயே திருத்தத்தைக் கொண்டுவந்து, தேர்தல்கள் ஆணைக்குழு ஒரு திகதியை அறிவிக்க வழிவிடுங்கள். எங்கள் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் அதை நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கிலிருந்து
உங்கள் வாக்காளர் ஒருத்தி