அறுபது டாலர் பெட்டியும் குட்டியின் முதல் வான்கோழியும்

அன்பு மகளுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வான்கோழி வேட்டைக்கான ஐந்தே தோட்டா இருக்கும் சின்னப் பெட்டி, விலை 60 டாலர். "அப்பா, இது நிஜமாவே இந்த விலைக்குத் தகுமா, இல்ல ஏமாத்துறாங்களா?" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. குட்டி இந்த ஏப்ரலில்தான் முதல்முறையாகத் துப்பாக்கியோடு காட்டுக்கு வருகிறான். பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பது யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வாங்கு, உனக்கு வேண்டாம்.

அந்தத் தோட்டாவுக்குள் இருப்பது டங்ஸ்டன் ரவை, சுட்டதும் கூட்டமாகப் பாயும் சின்னச் சின்னக் குண்டுகள். டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்று பெட்டிமேல் போட்டிருக்கும். ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இந்த டங்ஸ்டன் 18 கிராம். விஷயம் எல்லாம் இந்த எடையில்தான் இருக்கிறது. ரவை கனமாக இருந்தால் அதைச் சின்னதாகச் செய்யலாம். சின்னதாக இருந்தாலும் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது, ஆழமாகவும் பாயும். இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை, மூன்று மில்லிமீட்டர் இருக்கும் 5ஆம் எண் ஈய ரவை அளவுக்கு ஏறக்குறைய ஊடுருவும். ஒரு அவுன்ஸில் 5ஆம் எண் ஈயம் சுமார் 170 ரவைதான் பிடிக்கும், 9ஆம் எண் டங்ஸ்டன் 360 பிடிக்கும்.

இன்னொன்று, ஈயம் மென்மையானது. வெடிக்கும் வேகத்திலும் குழல் நுனியின் குறுக்கத்தில் நெரிபடும்போதும் சில ரவைகள் நசுங்கிவிடும். நசுங்கியது நேராகப் போகாது, கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய்விடும். டங்ஸ்டன் நசுங்காது. அதனால்தான் அதன் கூட்டம் கடைசிவரை கலையாமல் போகிறது.

இப்போது குட்டியின் துப்பாக்கிக்கு வருகிறேன். நீ அவனுக்காகப் பார்த்து வைத்திருப்பது 410 என்னும் மெல்லிய குழல் உள்ளது, ஒற்றைத் தோட்டா போடும் மடக்குத் துப்பாக்கி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு வான்கோழிக்குப் போகவே வேண்டாம் என்றிருப்பேன். அந்தச் சின்னக் குழலில் போகிற ஈயம் முக்கால் அவுன்ஸைத் தாண்டாது. இருபது யார்டு தாண்டினால் தலைக்கும் கழுத்துக்கும் போதுமான ரவை போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இப்போது மூன்று அங்குல 410 தோட்டாவில் பதினாறில் பதின்மூன்று பங்கு அவுன்ஸ் டங்ஸ்டன் அடைத்து வருகிறது. 9ஆம் எண் என்றால் கிட்டத்தட்ட 290 ரவை. அதைவிட நன்றாக அகன்ற குழல் உள்ள உன் பன்னிரண்டு கேஜில் நீ போடுகிற ஒன்றே முக்கால் அவுன்ஸ் 5ஆம் எண் ஈயத்தையும் எண்ணிப் பார், அதுவும் சுமார் 300தான்! எண்ணிக்கையும் பாயும் ஆழமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் தோளில் விழும் உதை மட்டும் அதில் ஒரு சின்னப் பங்குதான்.

அந்த உதைதான் என் கவலை. உனக்கு நினைவிருக்கும், பன்னிரண்டு வயதில் என் பன்னிரண்டு கேஜை நீ சுட்டாய். தோள் நீலமாகக் கன்றிப் போனது. அதற்கப்புறம் இரண்டு வருஷம், விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே உன் கண் மூடிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற நாம் எவ்வளவு பாடுபட்டோம்! அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. குட்டிக்கு அது நேரக் கூடாது. அதற்காக 60 டாலர் என்றால் நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் நடுவான 20 கேஜில் இதே டங்ஸ்டன் என்று யாராவது சொன்னால் பார்த்துக்கொள். இலேசான சிறுவர் துப்பாக்கியில் ஒன்றரை அவுன்ஸ் போட்டால் அதுவும் பலமாகவே உதைக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார். பழைய 410 சிலவற்றில் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குத்தான் அறை வெட்டியிருக்கும். குழலில் மூன்று அங்குலம் என்று பொறித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபின் பணம் கொடு. குழல் நுனியில் திருகி அதைக் குறுக்கும் சோக் என்ற துண்டும் டங்ஸ்டனுக்கு ஆகும் என்று போட்டிருக்க வேண்டும். அந்த ரவை எஃகைவிடக் கடினமானது.

சரி, உனக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? உன் பன்னிரண்டு கேஜ் 40 யார்டு வரை ஈயத்திலேயே சுத்தமாக வேலை செய்கிறது. 40 யார்டு என்றால் முப்பத்தாறரை மீட்டர். அதற்கு மேலே நீ சுடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். டங்ஸ்டன் வாங்குகிற பெரியவர்களில் நிறையப் பேர் அதை வாங்குவது தூரத்துக்காகத்தான். 50, 60 யார்டில் விழுத்தினேன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நானும் அந்த ஆசையில் ஒருமுறை விழுந்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2019 வசந்தத்தில், மிசூரியில் ரோலா ஊருக்குத் தெற்கே, ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் பெரிய கம்பெனி ஒன்று டங்ஸ்டன் வான்கோழித் தோட்டாவைக் கடைகளில் பரவலாகக் கொண்டுவந்திருந்தது. ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். பெரிய சேவல் ஒன்று என் அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, எதிர்மேட்டில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓரடி நகரவில்லை. தோகையை விரிக்கும், மடக்கும், கழுத்தை நீட்டிப் பார்க்கும். எப்படியும் 45 யார்டு இருக்கும் என்று கணித்தேன். கையில் ஈயம் இருந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன். டங்ஸ்டன் இருக்கிறதே என்று சுட்டேன்.

சேவல் உருண்டது. எழுந்தது. ஒரு இறக்கை தொங்க, பள்ளத்தில் இறங்கி ஓடிவிட்டது. சாப்பாட்டு நினைவே இல்லாமல் சாயங்காலம் ஐந்து மணி வரை அந்தப் பள்ளம் முழுக்கத் தேடினேன். ஐந்தாறு இறகுதான் கிடைத்தது. திரும்பி வரும்போது நான் உட்கார்ந்த மரத்திலிருந்து சேவல் நின்ற இடம் வரை அடி வைத்து எண்ணினேன். 62 யார்டு.

மிசூரியில் காட்டு வான்கோழி ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. பிடித்து, கொண்டுபோய் விட்டு, காத்து, 1960இல்தான் வேட்டையைத் திரும்பத் திறந்தார்கள். அப்படிப் பாடுபட்டு மீட்ட பறவை. அதில் ஒன்று என்னால் ஏதோ ஒரு புதருக்குள் துடித்துக் கிடந்திருக்கும். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. தூரத்தை விலை கொடுத்து வாங்கலாம் என்று நான் நினைத்ததால்தான் அது நடந்தது. அன்றிலிருந்து, எந்தத் தோட்டா போட்டாலும் 40 யார்டுதான் என் எல்லை. குட்டிக்கு 30 என்று வை. அந்த முப்பதை ஒரு குச்சி நட்டு அடையாளம் காட்டிவிடு. குச்சியைத் தாண்டி நிற்கும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பார்ப்பதற்கு மட்டும்தான்.

இனி நான் கெஞ்சிக் கேட்கிற விஷயம். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் முதலில் காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். பெட்டிமேல் போட்டிருப்பது வேறு யாரோ ஒருவரின் குழலில் நடந்தது. ஒரே கம்பெனி, ஒரே வகைத் துப்பாக்கி இரண்டை வைத்துச் சுட்டால் இரண்டும் இரண்டு மாதிரி போடும். பெரிய அட்டையோ கறிக்கடைக் காகிதமோ எடுத்துக்கொள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பத்து அங்குல வட்டம். உன்னுடையதை 40 யார்டிலும் குட்டியுடையதை 30 யார்டிலும் வைத்துச் சுட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணு. நூறு இருந்தால் நிம்மதி. அப்புறம் வான்கோழித் தலை படம் போட்ட காகிதத்தை ஒட்டிச் சுடு. மூளையிலும் கழுத்தெலும்பிலும் எத்தனை பட்டிருக்கிறது என்று அவனையே எண்ணச் சொல். ஒரு ரவை தவறினால் என்ன ஆகும் என்பது அவனுக்கு அங்கேதான் புரியும்.

கிட்டத்திலும் சுட்டுப் பாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டங்ஸ்டன் கூட்டம் நெருக்கமாகப் போகிறது என்பதால், பன்னிரண்டு பதினைந்து யார்டில் அது உள்ளங்கை அளவுகூட விரிந்திருக்காது. வான்கோழியின் தலையோ ஓரிடத்தில் நிற்காது. குறி கொஞ்சம் விலகினாலும் மொத்தமும் தப்பிப் போகும். பெரியவர்களே சேவல் பக்கத்தில் வந்த பதற்றத்தில் இப்படித் தவறவிடுகிறார்கள். அதனால் குட்டியின் துப்பாக்கியில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பான் மாட்டு. கன்னத்தை எப்படி வைத்தாலும் புள்ளி இருக்கும் இடம்தான் குறி என்பது அவனுக்குப் பழகிவிடும்.

இதற்கெல்லாம் 12 டாலர் தோட்டாவை வீணாக்க வேண்டாம். குறி சரிசெய்ய, விசை அழுத்திப் பழக எல்லாம் மட்டரக ஈயத் தோட்டா போதும், 20 யார்டில். எல்லாம் சரியான பின் டங்ஸ்டனில் இரண்டே இரண்டு. ஒன்று 30 யார்டில், ஒன்று 15 யார்டில். மீதி மூன்று இருக்கும். அவன் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ சுடுவான். ஆக அந்த 60 டாலர் அவனுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் வரும். பால்போல மாதா மாதம் வாங்குகிற சாமான் இல்லை இது. டங்ஸ்டனின் விலையையும் நினைத்துக்கொள். உலகத்து டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனாவிலிருந்துதான் வருகிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். இது மலிவாகும் என்று காத்திருப்பதில் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உனக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. செப்புப் பூசிய ஈய ரவையைப் பிசின் ஊற்றி இறுக்கி அடைத்த தோட்டா, வின்செஸ்டரின் லாங் பியர்ட். ஒரு தோட்டாவுக்கு இரண்டு, மூன்று டாலர்தான் ஆகும். வெடிக்கும்போது பிசின் நொறுங்கி ரவைக்கு மெத்தைபோல நின்றுவிடுவதால் நசுங்கல் குறைவு. என் குழலில் 40 யார்டில் வட்டம் நிறையப் போடுகிறது. உன் குழலில் என்ன செய்கிறது என்று காகிதம் சொல்லும்.

ஈயம் விஷம்தானே, அதைச் சுடலாமா என்று கேட்டிருந்தாய். வாத்து வேட்டையில் 1991 முதல் நாடு முழுக்க ஈயம் கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் கூடாது. இங்கே வான்கோழிக்கு மாநிலம் முழுமைக்குமான தடை இல்லை. தலையில் படுவதால் இறைச்சியில் ஈயம் சேர்வது குறைவுதான். ஆனாலும் நெஞ்சுக்கறியை விரலால் தடவிப் பார்த்துச் சமை. குடலைக் காட்டில் போடாதே, கழுகு தின்னும். ஆழமாகப் புதைத்துவிடு. குட்டியின் தட்டில் டங்ஸ்டன் பறவைதான் விழும் என்பதும் எனக்கு ஒரு நிம்மதி.

இறுதியாகப் பாதுகாப்பு. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, காலுறைகூட. சேவல் தலையின் நிறம் அதுதான், வேறு யாராவது உங்களைச் சேவல் என்று நினைத்துச் சுட்டுவிடலாம். தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகு சாய்த்து உட்காருங்கள். அவன் உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தோட்டாவை உன் பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த பிறகு நீயே எடுத்துக் கொடு.

தபாலில் தோட்டா அனுப்ப முடியாது. அதனால் என் அலமாரியில் மிச்சம் இருக்கும் ஈயத் தோட்டா இரண்டு பெட்டியும், தலைப்படக் காகிதம் ஒரு கட்டும் நானே காரில் கொண்டு வருகிறேன். மார்ச் கடைசிச் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் பத்து மணிக்குள் கிர்க்ஸ்வில் வந்துவிடுவேன். அன்றைக்குக் காற்று இல்லாமல் இருந்தால் மத்தியானமே சுட்டுப் பார்க்கலாம். குட்டியிடம் சேவலைக் கூப்பிடும் மரப்பெட்டி அழைப்பானைத் தினமும் பத்து நிமிஷம் உரசிப் பழகச் சொல். போன முறை ஃபோனில் கேட்டபோது மூன்றாவது சத்தம் கீச்சென்று வந்தது, சாக்பீஸ் தடவினால் சரியாகிவிடும்.

அன்புடன்,
அப்பா