சொத்துக் கணக்கை முதல் வாய்தாவிலேயே கேளுங்கள்

மாண்பமை சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் மாவட்ட வணிக நீதிமன்ற நீதிபதிகளுக்கும்,

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் நிட்டிங், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டி என்று சிறுதொழில் நடத்துவோரின் பாக்கி வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞர் நான். கடன் உண்டு என்று நிரூபிப்பது இவற்றில் பெரிய வேலையே இல்லை. பில் இருக்கிறது, டெலிவரி சலான் இருக்கிறது, "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்ற வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது. டிகிரி, அதாவது பணத்தைக் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணை, கைக்கு வரும்போது ஜப்தி செய்யச் சொத்துதான் இருப்பதில்லை.

ஒரு நிட்டிங்காரருக்காக வில்லங்கச் சான்று எடுத்தேன். வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அதே மாதத்தில், பாக்கி வைத்தவர் பெயரிலிருந்த கட்டடம் அவர் மனைவிக்குத் தானசெட்டில்மென்ட் ஆகியிருந்தது. அதை உடைக்கச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தனி வழக்கு போட வேண்டும். அதுவரை நிட்டிங்காரர் மெஷினை எதை வைத்து ஓட்டுவார்?

தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்ய உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் கட்டளை 38, விதி 5 இருக்கிறது. ஆனால், டிகிரியை ஏய்க்கும் நோக்கத்தோடு பிரதிவாதி சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்று வாதி காட்ட வேண்டும். பிணையில்லாக் கடனைப் பிணையுள்ள கடனாக்கிக்கொள்ள இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது. பிரதிவாதியின் வங்கிக் கணக்கை முடக்கினால் சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோகும். வழக்கோடு சம்பந்தமே இல்லாத தொழிலாளிதான் முதலில் அடிபடுவார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொத்து கைமாறுவதற்கு ஆதாரம் இல்லையென்றால் அவசர நிவாரணம் கேட்க முடியாது. அவசரம் இல்லையென்றால், வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி வழக்கு போடும் முன்பே சமரசத்துக்குப் போக வேண்டும். அது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றத்தின் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு சொல்லிவிட்டது. சமரசத்துக்கு அழைப்பு போகிறது, மாதங்கள் போகின்றன. சொத்தும் போய்விடுகிறது. ஆதாரம் கிடைக்கும் நாளில் காப்பாற்ற எதுவும் மிஞ்சுவதில்லை.

புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. பண வழக்குகளில் எழுவினாக்கள் (வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனையும் முன்பே, கோரிக்கைத் தொகை அளவுக்குப் பிரதிவாதியின் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கேட்கலாம் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. தக்க வழக்குகளில் எந்தக் கட்டத்திலும் பிணை கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எங்கள் பக்கத்து வழக்குகளில் இதைக் கேட்டு மனு போட்டால், "அதெல்லாம் டிகிரிக்குப் பிறகு" என்ற பதில்தான் வருகிறது.

எல்லாருடைய கணக்கையும் முடக்கச் சொல்லவில்லை. பிரதிவாதி ஆஜராகும் முதல் வாய்தாவிலேயே பிரமாணப் பத்திரம் கேளுங்கள். அதில் காட்டிய சொத்தை அனுமதியின்றி விற்கவோ எழுதிவைக்கவோ கூடாது என்று, கோரிக்கைத் தொகை அளவுக்கு மட்டும் உத்தரவிடுங்கள். வங்கி உத்தரவாதம் கொடுத்தால் அன்றே தடையை நீக்குங்கள். சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் எப்போதும் விலக்கு இருக்கட்டும். எல்லா வணிக நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றும்படி உயர்நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் வழக்கறிஞர் ஒருவர்