வெள்ளிக்கிழமை மாலைகளைப் பற்றி அப்பாவுக்கு

உல்ம், ஜெர்மனி
நவம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் துப்பாக்கி என்ற பேச்சு வந்தவுடனே அம்மா உங்கள் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்கிறாள். அப்புறம் நீங்கள் கேட்க நினைத்தது எதுவும் கேட்கப்படாமலே போகிறது. அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது. இப்போதைக்கு அது எனக்குத் தேவையும் இல்லை. நான் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளும் விளையாட்டுத் துப்பாக்கி. நம் நாட்டில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் வரைக்கும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இங்கே அந்த வரம்பு இன்னும் கீழே, 7.5 ஜூல். அதற்குள் அடங்கும் துப்பாக்கியில் ஐங்கோணக் கட்டத்துக்குள் எஃப் என்ற எழுத்தைப் பொறித்திருப்பார்கள். 18 வயது நிரம்பியவர்கள் அதை வாங்கலாம். அதையும் வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும், வெளியே கொண்டுபோனால் குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ரேஞ்ச், அதாவது சுடும் கூடம், எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நம்ம ஊரில் ரைஃபிள் கிளப் என்றால் மாவட்டத்துக்கு ஒன்று, பெயர்ப்பலகை, வாசலில் காவலுக்கு ஆள், உள்ளே போலீஸ் அதிகாரிகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும். அதே மாதிரிதான் இங்கேயும் இருக்கும் என்று நகரத்தின் பெரிய சங்கம் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வார்டில் எங்கள் மூத்த நர்ஸ் அம்மாவிடம் பேச்சுவாக்கில், கல்லூரியில் என்சிசியில் வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை உனக்கு என்ன ஷிஃப்ட்?" என்று கேட்டார். அவருடைய ஊர் டான்யூப் ஆற்றைத் தாண்டி, பவேரியா பக்கத்துக் கிராமம். அவரும் அவர் கணவரும் பிள்ளைகளும் அந்த ஊர்ச் சங்கத்தில் சுடுகிறவர்கள்.

அந்தப் பக்கத்தில் அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு ஷூட்ஸன்ஃபெரைன் இருக்கிறது. சுடுகிறவர்களின் சங்கம். மாதாகோயில், தீயணைப்புப் படை, பேண்டு வாத்தியக் குழு மாதிரி அதுவும் ஊரின் ஒரு பகுதி. எல்லாச் சங்கங்களுக்கும் மேலே இருக்கும் தேசியக் கூட்டமைப்பு 1861இல் கோத்தா நகரத்தில் தொடங்கியது. இன்றைக்கு நாடு முழுக்க அதில் 13 லட்சம் பேர் அளவுக்கு இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்டர்நெட்டில் ரேஞ்ச் தேடிக் களைத்துப் போகிறார்கள். இங்கே யாரையாவது வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. யாரோ ஒருவரின் மாமனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ நிச்சயம் ஒரு சங்கத்தில் இருப்பார்.

எங்கள் ரேஞ்ச் இருப்பது ஊர் உணவுவிடுதியின் நிலவறையில். படியிறங்கிப் போனால் வரிசையாகச் சுடும் மேடைகள், பத்து மீட்டர் தள்ளி டார்கெட். மேலே ஹாலில் நீள மேசைகள். சுவரெல்லாம் வண்ணம் தீட்டிய வட்ட மரப்பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பெயர், ஒரு வருடம். கல்யாணம், அறுபதாவது பிறந்தநாள், சங்கத்தின் ஆண்டுவிழா என்று எந்த விசேஷம் வந்தாலும் ஒரு பலகை செய்து, அதற்காக ஒரு போட்டி வைத்து, சுவரில் மாட்டிவிடுகிறார்கள். சில பலகைகளில் நிஜமாகவே குண்டு துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. ஊர்ச் சரித்திரத்தை ஒரு தாத்தா அந்தச் சுவரைக் காட்டியே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் பேசும் ஜெர்மன் நான் பரீட்சைக்குப் படித்த ஜெர்மனே இல்லை. ஆனாலும் பலகையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னதால் புரிந்தது.

போன முதல் நாளே சங்கத்துத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார்கள், ஜாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பணம் கேட்கவில்லை. பிறகு உறுப்பினராகச் சேர்ந்தேன். வருடச் சந்தா நூறு யூரோவுக்குள்தான். அப்பா, நம்ம கிளப்பில் பிள்ளைகள் ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு முறை போட்டுச் சுடுவது என் கண்ணிலேயே நிற்கிறது. இறக்குமதி ரைஃபிள் ஒன்று இரண்டு லட்சத்துக்கு மேலே என்பதால் எத்தனை பேர் நின்றுபோனார்கள்! அந்த ரைஃபிள்களில் வால்தரும் அன்ஷூட்ஸும் நான் வேலை பார்க்கும் இதே உல்ம் நகரத்து நிறுவனங்கள். இரண்டுமே துரிங்கியாவில் பிறந்தவை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே வந்து மறுபடி தொடங்கியவை. நம்ம ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த பெயர்களை இங்கே பஸ்ஸில் வரும்போது படிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன்.

பயிற்சியைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டீர்கள். என்சிசியில் எனக்குப் படுத்துச் சுடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தரையே உடம்பைத் தாங்கும். இங்கே நின்று சுட வேண்டும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, இடுப்பை முன்னால் தள்ளி, துப்பாக்கியின் எடையைத் தசைக்குக் கொடுக்காமல் எலும்பு வழியாகக் காலுக்கு இறக்குவது. எங்கள் பயிற்சியாளர் பெண்மணி முதல் சில வாரங்கள் எனக்குக் குண்டே தரவில்லை. கறுப்பு வட்டம் இல்லாத வெறும் வெள்ளை அட்டையை எதிரே மாட்டிவிட்டு, அதைப் பார்த்து ட்ரிகரை அழுத்தச் சொன்னார். குறி இல்லாததால் கண் அலையாது, கை என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியும். அழுத்தி முடித்த பிறகும் அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். துப்பாக்கியை உடனே இறக்கினால் தோளில் தட்டுவார். டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், கடுகை விடச் சின்னது. அதைக் குறிபார்க்கும் முயற்சியை விட்டுவிட்டு நிற்கப் பழகு என்று அவர் சொன்னபோது நம்பவில்லை, ஆனால் அப்படித்தான் ஸ்கோர் ஏறியது. நம்ம கிளப்பில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இந்த வெள்ளை அட்டைப் பயிற்சியை ஆரம்பித்து வையுங்கள். காசு செலவில்லை, குண்டும் மிச்சம்.

இரவு ஷிஃப்ட் முடிந்த வாரங்களில் உடம்பு நடுங்கும். அப்போது பயிற்சியாளர் என்னைச் சுட விடுவதில்லை, மேலே போய் சூப் குடி என்கிறார்.

.22 ரைஃபிள் சொந்தமாக வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேறு கதை. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் குறைந்தது 12 மாதம் உறுப்பினராக இருந்து, அந்தக் காலத்தில் மாதம் ஒரு முறையோ அல்லது வருடத்தில் 18 முறையோ சுட்டதற்குப் பதிவேடு காட்ட வேண்டும். சட்டமும் பாதுகாப்பும் பற்றி ஒரு தேர்வு எழுத வேண்டும். கூட்டமைப்பு, இவருக்கு இது தேவை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போலீஸ் பதிவுகளைப் பார்ப்பார்கள். தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டி வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய வகைத் துப்பாக்கிக்கு விண்ணப்பித்தால் மனநலச் சான்றும் கேட்பார்கள். எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று: தொடர்ந்து ஐந்து வருடம் இந்த நாட்டில் வாழ்ந்திருக்காவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே அதிகாரி மறுக்கலாம். நான் அவசரப்படவில்லை. ரேஞ்சுக்குள் பொறுப்பாளர் முன்னிலையில் சங்கத்து .22 ரைஃபிளைச் சுட எனக்கு எந்தத் தடையும் இல்லை, அது போதும்.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். 2002இல் எர்ஃபுர்ட்டில், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மாணவன் ஒருவன் அதே பள்ளிக்குள் புகுந்து 16 பேரைக் கொன்றான். அவன் சுடும் சங்கத்தின் உறுப்பினன். 2009 மார்ச்சில், இங்கிருந்து ஸ்டுட்கார்ட் போகும் திசையில் உள்ள வின்னென்டன் ஊரில் தொடங்கி 17 வயதுப் பையன் 15 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் அப்பா ஒரு விளையாட்டுச் சுடுநர். அவருடைய பிஸ்டல் படுக்கையறையில் பூட்டாமல் இருந்தது. நீதிமன்றம் அவரையும் தண்டித்தது. அதற்குப் பிறகுதான், லைசென்ஸ் வைத்திருப்பவர் வீட்டுக்குச் சந்தேகம் எதுவும் இல்லாமலே அதிகாரிகள் வந்து பெட்டியைப் பார்க்கலாம் என்று சட்டம் வந்தது. எங்கள் சங்கத்தில் இதைப் பற்றி யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. வந்து பார்க்கட்டும், பூட்டுத்தானே என்கிறார் அந்தத் தாத்தா. அவருடைய பேத்தி பத்து வயதில் சுடப் பழகுகிறாள், ஆனால் அவள் கையில் இருப்பது குண்டில்லாத ஒளித் துப்பாக்கி. நிஜ ஏர் ரைஃபிளைத் தொட 12 வயதாக வேண்டும். துப்பாக்கியை இப்படி மெதுவாகக் கையில் கொடுக்கும் ஊரில் நான் இருக்கிறேன் என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இனி போட்டிகள். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரைக்கும் சுற்றுப் போட்டி. எங்கள் அணியில் நான்கு பேர், ஆளுக்கு 40 குண்டு. ஒரு வாரம் எங்கள் சங்கத்து ஊரில், இன்னொரு வாரம் எதிர் அணியின் ஊரில். ஆண், பெண், பள்ளிக்கூடப் பையன், பாட்டி எல்லாரும் ஒரே அணியில் நிற்கலாம். நான் இருப்பது கீழ்ப் பிரிவு. மருத்துவமனை ரோஸ்டரை மாதத் தொடக்கத்திலேயே அணித்தலைவரிடம் கொடுத்துவிடுவேன், அவர் அதற்கேற்ற மாதிரி எதிர் அணியோடு பேசித் தேதியை மாற்றிக்கொள்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நான் பீர் குடிப்பதில்லை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து தருகிறார்கள்.

ஜனவரியில் ராஜா போட்டி. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. இதில் மொத்த ஸ்கோர் பார்ப்பதில்லை, ஒரே ஒரு நல்ல குண்டுதான் கணக்கு. மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அதனால் நேற்று சேர்ந்தவர்கூட ராஜா ஆகலாம். ஜெயித்தவர் கழுத்தில் நாணயங்கள் கோத்த கனமான வெள்ளிச் சங்கிலி. இரண்டாவதாக வந்தவருக்கு இறைச்சி சாசேஜ் மாலை, மூன்றாவதாக வந்தவருக்கு பிரெட்ஸல் ரொட்டி மாலை. போன வருடம் ராணி ஆனது தபால்காரப் பெண்மணி. அவர் சங்கிலியோடு ஊர்வலத்தில் போகும்போது ஊரே தெருவில் நின்றது.

தனிநபர் போட்டி வேறு. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறி, மாநில, தேசியப் போட்டிகள் மூனிக்கின் ஹோக்புரூக் ரேஞ்சில் நடக்கும். 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. 2025 ஜூனில் அங்கே உலகக் கோப்பை நடந்தபோது இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் ஏர் ரைஃபிளில் இளவேனில் வாலறிவன் வெண்கலம் வாங்கினார். அப்பா, கடலூரில் பிறந்த பெண், அந்த மேடையில்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பயிற்சியாளரிடம் அவர் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசிக் குண்டுகளின்போது என் கை குளிர்ந்துபோயிருந்தது. நான் சுடும்போதுகூட அப்படி ஆனதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். அடுத்த ஜூலையில் பவேரிய மாநிலப் போட்டி அதே ரேஞ்சில் நடக்கும். எங்கள் சங்கத்திலிருந்து சிலர் தகுதி பெறுவார்கள். அப்போது நீங்களும் அம்மாவும் ஒரு மாதம் இங்கே வந்து இருங்கள். உங்கள் தோள்வலியை நினைத்துத் தயங்க வேண்டாம். வயதானவர்களுக்கென்றே துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்துச் சுடும் பிரிவு இங்கே இருக்கிறது, அதற்கும் தனி லீக், தனிப் போட்டி எல்லாம் உண்டு. விருந்தினராக வந்து வெள்ளிக்கிழமை சுடலாம், நான் கேட்டுவிட்டேன். உங்கள் பாஸ்போர்ட் காலாவதி ஆகப் போகிறது என்று தம்பி சொன்னான். பொங்கலுக்கு முன்னாலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை நான் இங்கே அலுவலகத்தில் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்
உங்கள் மகள்