ஒளுத் தண்ணீரும் ஊர்த் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுற்றுச்சூழலை எல்லாம் மார்க்கத்துக்குள் இழுப்பது காலத்துக்கு ஏற்ப வேதத்தை வளைக்கிற வேலை என்று சென்ற இதழில் ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எதையும் வளைக்க வேண்டியதே இல்லை. நாம்தான் அதைத் தனிமனிதப் பேணுதலோடு நிறுத்திவிட்டு, ஊர் விவகாரமாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' என்ற அளவுத் தண்ணீரில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) செய்ததாகப் புகாரி நபிமொழித் தொகுப்பில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி சட்டப்பிரிவின் கணக்கில் கொஞ்சம் கூடும். நம் பள்ளிவாசல்களில் ஹவுளை (ஒளு செய்யும் தொட்டியை) தூர்த்துவிட்டுக் குழாய் வைத்த பிறகு நடப்பதைப் பாருங்கள். தலையை ஈரக்கையால் தடவி மசஹ் செய்யும்போதுகூடக் குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் விரயம் கூடாது என்ற ஹதீஸை (நபிமொழியை) சொன்னால், அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனம் என்பார்கள். சரி, விடுவோம். 'உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள்' என்ற குர்ஆனின் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் போதாதா?

இதைவிடப் பெரிய விஷயம், தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பது. எங்கள் கடலோரப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போட்டு லாரிக்குத் தண்ணீர் விற்பது நல்ல தொழிலாகிவிட்டது. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, கீழே உப்புநீர் ஏறுகிறது. பக்கத்துத் தெருக் கிணறு உவர்த்துப்போகிறது. அந்தத் தெருப் பெண்கள் அதே லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விற்பவர்களில் ஐந்து வேளையும் தொழுகிறவர்கள் உண்டு. கேட்டால், 'மொண்டு எடுத்த தண்ணீரை விற்பது ஆகுமானதுதானே' என்கிறார்கள்.

ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்களில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் சொல்லப்பட்டபோது மொள்ளுவது என்றால் கயிறும் வாளியும். இரவு பகலாக ஓடும் மோட்டாருக்கு அதே அனுமதியை அப்படியே கொடுக்கலாமா? தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் எல்லோருக்கும் பங்குண்டு என்ற நபிமொழியையும், பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற நபிமொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் வேறாகத்தான் வரும். மதீனாவில் ரூமா கிணற்றுத் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டபோது, நபித்தோழர் உஸ்மான் (ரலி) அவர்கள் கிணற்றையே விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அதை நாம் கொடையின் சிறப்பாக மட்டுமே பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டிருக்கிறோம். தண்ணீர் வியாபாரம் நடக்கும் ஊரில் அது வேறு விதமாகவும் காதில் விழ வேண்டும்.

கிணற்றைச் சுற்றி 40 முழம் அந்தக் கிணற்றுக்கு உரிய எல்லை என்று ஹதீஸ் இருக்கிறது. ஒரு கிணறு இன்னொன்றை வற்ற வைக்கக் கூடாது என்பதையும் சட்ட அறிஞர்களான ஃபுகஹாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். காலம் மாறும்போது மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் வாய் திறப்பதும் புதிதல்ல. இந்தோனேசிய உலமா கவுன்சில் 2014இல் அழிந்துவரும் விலங்குகளை வேட்டையாடி விற்பதையும், 2016இல் காட்டுக்குத் தீ வைப்பதையும் ஹராம் (தடுக்கப்பட்டது) என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. அதை யாரும் புது மார்க்கம் என்று சொல்லிவிட முடியாது.

பள்ளிவாசல் மாடியில் விழும் மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புவதும், ஒளு செய்த தண்ணீரைத் தென்னைக்கு விடுவதும் ஜமாஅத் கூடி ஒரே நாளில் முடிவெடுக்கக் கூடிய காரியங்கள். மற்றதற்கு ஆலிம்களின் தீர்ப்பு வேண்டும். பக்கத்துக் கிணறு உவர்த்துப்போகும் என்று தெரிந்தும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விற்கலாமா, இன்றைய மோட்டாருக்கு அந்த 40 முழம் போதுமா என்று ஷாஃபி, ஹனஃபி ஆலிம்கள் இருவரிடமும் கேட்டு அடுத்த இதழில் வெளியிடுங்கள். கோடை தொடங்குமுன் வந்தால் எங்கள் ஜமாஅத் கூட்டத்தில் வாசிக்க உதவும்.

வஸ்ஸலாம்.

– ஒரு வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்