ஆங்கில வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு எட்டாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் வந்த அந்த ஒரு மதிப்பெண் கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். 'தி கலெக்டர் கேம் ஹிம்செல்ஃப்' என்ற வாக்கியத்தில் வரும் 'ஹிம்செல்ஃப்' ரிஃப்ளெக்சிவா (செய்தவர் தன்மீதே செய்வதைக் காட்டும் சொல்), எம்ஃபடிக்கா (அழுத்தத்துக்காக மட்டும் வரும் சொல்) என்று கேட்டிருந்தீர்கள். ரிஃப்ளெக்சிவ் என்கிறது உங்கள் விடைக்குறிப்பு. அது தவறு. கடிதம் எழுதிக் கேட்டதற்கு, விடைக்குறிப்பே இறுதியானது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி எம்ஃபடிக் என்று எழுதியிருந்தாள். வினாத்தாளில் அந்த 'ஹிம்செல்ஃப்' மீது பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு, அதை நீக்கிவிட்டு வாசித்துப் பார்த்திருக்கிறாள். 'தி கலெக்டர் கேம்.' வாக்கியம் குறையில்லாமல் நிற்கிறது. அப்படியென்றால் அந்தச் சொல் அழுத்தத்துக்காக வந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த சோதனையைத் தேர்வு அறையின் பதற்றத்திலும் மறக்காமல் செய்திருக்கிறாள். அதற்கு நான் சுழியம் போட வேண்டியிருந்தது. "நீங்க சொன்ன மாதிரிதானே மிஸ் செஞ்சேன்?" என்று கேட்டாள். அவள் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் முதல் ஆள் அவள்தான். சரியாக யோசித்தும் தப்பாகிவிட்டது என்றால், அடுத்த முறை எதை நம்பி யோசிப்பாள்?

எழுவாயை ஒட்டி வந்தால் எம்ஃபடிக், வினைக்குப் பின்னால் வந்தால் ரிஃப்ளெக்சிவ் என்ற நோட்ஸ் சூத்திரத்தை வைத்து விடைக்குறிப்பு தயாரித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'ஐ சா தி கலெக்டர் ஹிம்செல்ஃப்' என்ற வாக்கியத்தில் அந்தச் சூத்திரம் உடனே உடைந்துவிடும். அங்கே 'ஹிம்செல்ஃப்' வினைக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் அழுத்துவது கலெக்டரை. 'ஹி ப்ளேம்டு ஹிம்செல்ஃப்' என்பதில் அதை எடுத்துவிட்டால் யாரைக் குறை சொன்னார் என்பதே தெரியாது. அதுதான் ரிஃப்ளெக்சிவ், செய்தவரும் செயலுக்கு உள்ளானவரும் ஒருவரே. 'கேம்' என்ற வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது, அது எப்படி ரிஃப்ளெக்சிவ் ஆகும்?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. 'கலெக்டரே வந்தார்', 'தன்னைத்தானே நொந்துகொண்டார்' என்று சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் காதிலேயே கேட்கும். 'கலெக்டரே' என்பதில் வரும் ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஐந்து பொருள்களில் முதலாவதே தேற்றம்தான், அதாவது உறுதிப்படுத்திச் சொல்வது. வீட்டில் நாள் முழுக்கப் பேசும் ஒன்றைத் துணைக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

பொருளை விட்டு இடத்தை மனப்பாடம் செய்ய வைத்ததன் விளைவை எங்கும் பார்க்கிறோம். பட்டம் வாங்கிய பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் 'மைசெல்ஃப் குமார்' என்று ஆரம்பிக்கிறார்கள். 'கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று சுற்றறிக்கை வருகிறது. பழைய வினாத்தாளை எடுத்து ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை இது தீராது. ஒரு கேள்வியை அச்சுக்கு அனுப்பும் முன் வகுப்பில் பாடம் நடத்தும் ஒருவரிடம் காட்டக்கூட நேரமில்லையா? கோபத்தில்தான் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். எம்ஃபடிக் என்று எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுக்கச் சொல்லி எல்லாப் பள்ளிகளுக்கும் தெரிவியுங்கள். மதிப்பெண் பட்டியலை இணையத்தில் ஏற்றும் வேலை இன்னும் முடியவில்லை, அதற்குள் செய்துவிட முடியும். தயவுசெய்து இந்த வாரத்துக்குள் திருத்திய விடைக்குறிப்பை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை